மரக்கால் யார் கையில்: போலந்து வாசிப்புக் குறிப்புகள்

பிப்ரவரி 2, ஞாயிறு

போலந்து வரலாற்றாசிரியர் வித்தோல்த் கூலாவின் 'அளவுகளும் மனிதர்களும்' பாதி முடித்துவிட்டேன். 1970இல் போலந்து மொழியில் வந்த நூல். பழைய ஐரோப்பாவில் தானியம் அளந்த கதைதான் பெரும்பகுதி. தலைதட்டி அளப்பதா, கும்பலாகக் குவித்து அளப்பதா என்பதற்கே எத்தனை சண்டை! தோள் உயரத்தில் இருந்து கொட்டினால் தானியம் அழுந்தி உட்காரும். அதே மரக்கால் கூடுதலாகக் கொள்ளும். பண்ணையார் வாங்கும்போது ஒரு விதம், கொடுக்கும்போது இன்னொரு விதம். ஏட்டில் குத்தகை ஏறியிருக்காது, குடியானவன் வீட்டில் தானியம் குறைந்திருக்கும். வர்க்கப் போராட்டம் என்ற சொல்லை எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறேன். மரக்காலின் விளிம்பில் அதை எனக்குக் காட்டியவர் இவர்தான்.

பிப்ரவரி 5, புதன்

கூலாவின் 1962ஆம் ஆண்டு நூலுக்குத் தாவினேன். நிலப்பிரபுத்துவப் பொருளாதாரம் பற்றியது. போலந்துப் பண்ணைகளின் தானியம் விஸ்துலா ஆற்றில் மிதந்து கிதான்ஸ்க் துறைமுகம் போய் மேற்கு ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. குடியானவர்கள் கூலியில்லாமல் உழைத்தார்கள். அந்த உழைப்புக்குச் சந்தை விலை போட்டுப் பார்த்தால் பல பண்ணைகள் நஷ்டக் கணக்கு காட்டுகின்றன. ஆனால் பிரபு செழிப்பாக இருக்கிறார். எப்படி? அந்தக் கூலியில்லா உழைப்புக்கு அவர் கணக்கே எழுதவில்லை. இன்றைய முதலாளித்துவக் கணக்கை அந்தக் காலத்தின் மேல் அப்படியே போர்த்தக் கூடாது என்கிறார் கூலா. இந்தப் பகுதியை மூன்று முறை படித்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

1951 டிசம்பர் கடைசியில், கம்யூனிஸ்ட் கட்சி ஆண்ட போலந்தில், வார்சாவுக்குப் பக்கத்தில் ஓட்வோட்ஸ்கில் வரலாற்றாசிரியர்களைக் கூட்டி, இனி மார்க்சிய-லெனினிய முறையில்தான் எழுத வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். அந்தக் கெடுபிடியை வைத்து அந்தத் தலைமுறை முழுவதையும் கட்சியின் எடுபிடிகள் என்று ஒதுக்குபவர்களை ஏற்க என்னால் முடியவில்லை. கூலாவின் பக்கங்களைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கரோல் மோட்ஜெலெவ்ஸ்கியும் வரலாற்றாசிரியர்தான், இடைக்காலம் அவர் துறை. 1965இல் அவரும் யாத்செக் குரோனும் கட்சிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். தொழிலாளர் பெயரில் ஆளும் நாட்டில், அவர்கள் உழைப்பில் மிஞ்சும் உபரியை எடுத்துக்கொள்வது யார்? அதிகார வர்க்கம்தான் என்று மார்க்சின் சொற்களிலேயே பதில் சொன்னார்கள். மோட்ஜெலெவ்ஸ்கிக்கு மூன்றரை ஆண்டு சிறை, குரோனுக்கு மூன்று. மரக்கால் இப்போது கட்சியின் கையில் இருந்தது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டே தத்துவப் பேராசிரியர் லெஷெக் கொவகோவ்ஸ்கியைக் கட்சி வெளியேற்றியது. 1968இல் பல்கலைக்கழக வேலையும் போனது. பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் இருந்து மூன்று தொகுதிகளில் மார்க்சியத்தையே முழுவதுமாக விசாரித்து, அதை விட்டு விலகினார். அவர் வழியை மதிக்கிறேன். மனம் என்னவோ மோட்ஜெலெவ்ஸ்கி பக்கமே நிற்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

1980இல் புதிய தொழிற்சங்கத்துக்கு 'சோலிடாரிட்டி' என்ற பெயரை முன்மொழிந்தவர் மோட்ஜெலெவ்ஸ்கி. கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்து, 1989க்குப் பிறகு வந்த சந்தைச் சீர்திருத்தம் தொழிலாளரை நசுக்கியபோது, ஆட்சியில் இருந்த பழைய தோழர்களையே எதிர்த்துப் பேசினார். சரி, நாளை கூலாவின் மீதிப் பாதி.