ஏட்டய்யாவுக்கு வீரவணக்கம்

காலையில் எங்கள் ஊர் காவல் நிலைய வாசலில் ஒரு மேசை, வெள்ளைத் துணி, அதன்மேல் மாலை போட்ட படம். அக்டோபர் 21.

படத்தில் இருப்பவர் தலைமைக் காவலர். புறவழிச்சாலையில் இரவு வாகனச் சோதனையில் நின்றவர்மீது லாரி மோதிவிட்டது.

ஓர் இளம் பெண் காவலர் கைக்குட்டையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார், சட்டையிலிருந்த பெயர்ப் பட்டை தெரியும்படி மாலையைக் கொஞ்சம் விலக்கினார், தள்ளி நின்று பார்த்துவிட்டு மறுபடியும் விலக்கினார்.

"ஏட்டய்யாதான் சார் எனக்கு டூட்டி சொல்லிக்கொடுத்தவர்" என்றார்.

1959-ல் இதே நாளில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினர் சுட்டதில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 10 பேர் இறந்தார்கள். அந்த நினைவில்தான் நாடு முழுக்க இந்த வீரவணக்க நாள்.

குண்டு பட்டு இறந்தவருக்கு மரியாதை செய்ய நமக்குத் தெரியும். சாலையில் அடிபட்டுப் போனவரை மட்டும் 'விபத்து, பாவம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

எனக்கு அது சரியாகப் படவில்லை.

வண்டிகள் பறந்து வரும் சாலையில் ஓர் இரும்புத் தடுப்பையும் ஒளிரும் சட்டையையும் நம்பி விடிய விடிய நிற்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும், அதுவும் நாம் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. மழை நேரத்தில் அந்தச் சட்டைகூட கிட்டே வரும்வரை கண்ணில் படாது.

தடுப்புக்கு வெகு முன்னாலேயே எச்சரிக்கை விளக்கு வைக்கச் சொல்லி மாவட்டக் காவல் அலுவலகத்துக்கு மனு எழுதுகிறேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன்.