அவரிட்ட இருந்தது கலண்டர் மட்டும்

2014 மே மாதம் வந்த அந்தக் கடிதத்தில் ஒரு திகதி, ஒரு நேரம், விமான நிலையப் பக்கமாக உள்ள ஓர் அலுவலகத்தின் முகவரி, இவ்வளவுதான். கடவுச்சீட்டுகளையும் கொண்டு வரச் சொல்லியிருந்தது. "வேர்க் பெர்மிட் விசயமாக் கூப்பிடுகினமோ?" என்று மனைவி கேட்டா. நாட்டைவிட்டு அனுப்பத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது, சொல்லத்தான் மனம் வரவில்லை.

2011இல் நாங்கள் மூன்று பேரும் கனடா வந்து அகதி வழக்குப் பதிந்தோம். மகனுக்கு அப்போது 4 வயது. 2013 செப்டம்பரில் வழக்கு நிராகரிக்கப்பட்டது. பழைய முறையில் பதிந்த வழக்கு என்பதால் புதிய அகதி மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக வழியில்லை. அந்த முடிவை மீளாய்வு செய்யச் சொல்லி பெடரல் கோர்ட்டில் அனுமதி கேட்டோம், அதுவும் 2014 மார்ச்சில் கிடைக்கவில்லை. வழக்குத் தோற்றால் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று, வழக்குப் பதிந்த நாளிலேயே கையில் தந்த நிபந்தனை வெளியேற்ற ஆணை அப்போது உயிர் பெற்றது. 30 நாட்களுக்குள் நாங்களாகப் போகவில்லை என்றால் அது நாடுகடத்தல் ஆணையாக மாறிவிடும். பிறகு எப்போதாவது கனடாவுக்கு வருவதென்றால் விசேட அனுமதி வேண்டும். நாங்கள் போகவில்லை.

ஏப்ரலில், எங்கள் நிலைமையைப் பார்த்து இங்கேயே நிரந்தரமாக இருக்க விடச் சொல்லி மனிதாபிமான விண்ணப்பம் போட்டோம். பெரியவர்களுக்கு ஆளுக்கு 550 டொலர், பிள்ளைக்கு 150. நிராகரிக்கப்பட்டு 12 மாதம் போகாமல் இதைப் போட முடியாது என்று 2012இல் சட்டத்தை மாற்றியிருந்தார்கள். ஆனால் பிள்ளையின் நலன் பாதிக்கப்படும் என்றால் விலக்கு உண்டு. அந்த வாசலால்தான் நுழைந்தோம். விண்ணப்பம் போட்டால் அனுப்ப மாட்டார்கள் என்று ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். முழுப் பொய். முடிவு வரும்வரை அது விமானத்தை நிறுத்தாது.

நேர்முகத்துக்குப் போனோம். ஜூன் 12 என்று திகதி தந்தார்கள்.

லோயரின் கந்தோரில் மொழிபெயர்க்க ஒரு தம்பி இருந்தார். திருப்பி அனுப்புவதைத் தள்ளிவைக்கச் சொல்லி எல்லை அதிகாரிக்கு எழுதுவோம் என்றதும் நான் முழுக் கதையையும் கொட்டினேன்: முகாம், விசாரணை, அண்ணன் காணாமற்போனது. அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, அவரிட்டப் பெரிய விசயம் கேளாதேங்கோ. அவரிட்ட இருக்கிறது கலண்டர் மட்டும்தான்."

இந்த ஒரு வசனம் முன்பே தெரிந்திருந்தால் பல இரவுகள் தூங்கியிருப்பேன். சட்டப்படி அந்த ஆணையை 'இயன்றவரை விரைவாக' நிறைவேற்றுவதுதான் எல்லை அதிகாரியின் வேலை. கடும் நோய், பிள்ளைப்பேறு, பள்ளித் தவணை முடிவு போன்றவற்றுக்காகக் கொஞ்ச நாள் தள்ளிப்போட மட்டும் அவருக்கு விருப்புரிமை உண்டு. நாங்கள் இருக்கத் தகுதியானவர்களா என்பது அவர் மேசைக்குரிய கேள்வியே இல்லை. அது மனிதாபிமான விண்ணப்பத்தைப் பார்க்கிறவரின் மேசை.

நாங்கள் இரண்டு கேட்டோம்: விண்ணப்பம் முடிவாகும்வரை, இல்லாவிட்டால் மகனின் இரண்டாம் வகுப்பு முடியும்வரை. முதலாவதற்கு இல்லை, இரண்டாவதற்கு ஓம். புதுத் திகதி ஜூலையில் வந்தது.

மனைவி குளிர் ஜாக்கெட்டுகளை எல்லாம் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டா. யாழ்ப்பாணத்தில் எதற்கு?

திரும்பவும் தள்ளிவைக்கக் கேட்டோம், மறுத்தார்கள். அந்த மறுப்பை எதிர்த்து பெடரல் கோர்ட்டில் வழக்கு, கூடவே அதுவரை அனுப்பாமல் நிறுத்திவைக்க ஸ்டே கேட்டு ஒரு மனு. நீதிபதி மூன்று விசயம் பார்ப்பார்: வழக்கில் சாரமான கேள்வி இருக்கிறதா, அனுப்பினால் ஈடுசெய்ய முடியாத பாதிப்பா, நியாயத்தின் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது. தொலைபேசியில்தான் விசாரணை. அடுத்த நாள் இரவு விமானம். மகன் தமிழில் எழுத வாசிக்கத் தெரியாதவன், பேச்சுப் பயிற்சிக்குப் போகிறவன் என்று வகுப்பு ரீச்சர் எழுதிய கடிதத்தை அதிகாரி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் லோயரின் வாதம். கோயில் கடிதம், சங்கக் கடிதம் என்று நான் ஓடியோடிச் சேர்த்தவற்றை யாரும் வாயில்கூட எடுக்கவில்லை. பின்னேரம் ஸ்டே கிடைத்தது என்று அந்தத் தம்பி கூப்பிட்டுச் சொன்னபோது நாங்கள் சூட்கேசை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

செப்டம்பரில், அகதி வழக்கு நிராகரிக்கப்பட்டு 12 மாதம் கழிந்ததும், திரும்பிப் போனால் ஆபத்து உண்டா என்று பார்க்கும் ஆபத்து மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க விட்டார்கள். அது முடியும்வரை அனுப்ப முடியாது. அப்படியே காலம் ஓடியது. ஆனால் 2015இல் மனிதாபிமான விண்ணப்பமே நிராகரிக்கப்பட்டது. எங்கள் கஷ்டம் 'வழமைக்கு மாறானதோ, தகாததோ, அளவுக்கு மீறியதோ' அல்லவாம். வீட்டில் தமிழ் பேசுகிறான், ஆகவே பிள்ளை அங்கே பழகிக்கொள்வான் என்றும் ஒரு வரி. அந்த வரிக்கு என் மனைவிக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. மறுபடியும் பெடரல் கோர்ட்.

அது நிலுவையில் இருக்கும்போதுதான் 2015 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றத்தில் காந்தசாமி வழக்கின் தீர்ப்பு வந்தது. 16 வயதில் இலங்கையிலிருந்து தனியே வந்த ஒரு தமிழ்ப் பிள்ளையின் வழக்கு. அந்த மூன்று சொற்களையும் மூன்று பூட்டுகள் மாதிரி வைத்துக் கதவைச் சாத்தாதே, எல்லாக் கஷ்டத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பார் என்றது நீதிமன்றம். பிள்ளைகளுக்குக் கஷ்டம் 'தகும்' என்று சொல்ல அநேகமாக இடமே இல்லை என்றும் சொன்னது. லோயர் தீர்ப்பை அச்சடித்து மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தா. அந்தப் பிள்ளையை நான் கண்டதில்லை.

2016 தொடக்கத்தில் எங்கள் விண்ணப்பக் கோவை, மறுபடி முடிவெடுக்க, வேறோர் அதிகாரியிடம் திரும்பிப் போனது. இந்தத் தடவை மகனைப் பற்றி மட்டும் 40 பக்கம் அனுப்பினோம், பள்ளி அறிக்கைகள், பேச்சுப் பயிற்சிக் குறிப்புகள், எல்லாம். முகாம் கதையையும் எழுதினோம், ஆனால் பயம் என்று எழுதாமல் கஷ்டம் என்று எழுதினோம். அகதி வழக்கில் கேட்ட அதே கேள்வியை இங்கே திரும்பக் கேட்க முடியாது, ஆனால் அதே சம்பவங்கள் தரும் துன்பத்தைப் பார்த்தேயாக வேண்டும். நவம்பரில் முதற்கட்ட ஒப்புதல் வந்தது. பிறகு மெடிக்கல், பின்னணிச் சோதனை என்று 2017இல்தான் நிரந்தர வதிவிடம்.

ஜாக்கெட்டுகளை அந்த அக்கா 2014 நவம்பரிலேயே கொண்டுவந்து தந்துவிட்டா. மகனுடையது மட்டும் அப்போதே கை கட்டையாகிவிட்டது.