மூணா, எட்டா?

"அண்ணா, இது மூணா எட்டா?" என்று எங்கள் ஷிப்பிங் ஆபீஸ் பெண் கேட்டபோது என் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து நின்றிருந்தது. விட்டதும் ஒரு நிமிடம் இமையை மூடி வைக்கச் சொல்லியிருந்தார்கள். நான் பாதியிலேயே கண்ணைத் திறந்து அவள் நீட்டிய போனைப் பார்த்தேன். கன்டெய்னர் யார்டிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த படம், பெட்டிக் கதவில் மாட்டிய எண் போட்ட சீலுடையது. மஞ்சள் பிளாஸ்டிக், அதன் குறுக்கே துருத்தண்ணீர் வழிந்த கறை. எண்ணின் கடைசிக்கு முந்தின இலக்கத்தின் இடது பக்கம் அந்தக் கறைக்குள் போயிருந்தது.

"எட்டுதான், போடு" என்றேன்.

அது மூன்று.

கன்டெய்னர் எண்ணாக இருந்திருந்தால் பெரும்பாலும் தப்பித்திருப்போம். நாலு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் முன்னால் இருக்கும் பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. ஒன்று மாறினாலும் கணக்கு உதைக்கும், சிஸ்டம் அங்கேயே நிறுத்திவிடும். சீல் எண்ணுக்கு அந்தக் காவல் கிடையாது. நாம் என்ன அடிக்கிறோமோ அதுதான். பெட்டி துறைமுகத்துக்குள் நுழையக் கொடுக்கும் படிவமான பார்ம் 13ல் எட்டு, கதவில் மூன்று. வண்டி துறைமுகத்தின் ஜீரோ கேட் வாசலில் நின்றுவிட்டது. திருத்தி அனுப்புவதற்குள் கட்-ஆஃப், அதாவது அந்தக் கப்பலுக்குப் பெட்டி உள்ளே போக வேண்டிய கடைசி நேரம், முடிந்து, பெட்டி அடுத்த கப்பலுக்குப் போனது. டிரைவர் காசிமேடு பக்கம் ரோட்டோரத்திலேயே ராத்திரியைக் கழித்தார். காலையில் போன் பண்ணியபோது கோபமாகக்கூடப் பேசவில்லை, "பேப்பர் ரெடியா சார்?" என்று மட்டும் கேட்டார்.

என் கண் அன்றைக்கு நிஜமாகவே மோசமாக இருந்தது. இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காலை ஒன்பதரையிலிருந்து இரண்டு திரை, தலைக்கு நேர் எதிரே ஏசி காற்று. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை போல இமைக்கிற கண், திரையைப் பார்க்கும்போது ஐந்தாறு தடவைதான் இமைக்கும். கண்ணீர்ப் படலம் காய்ந்து, மணல் விழுந்த மாதிரி அறுக்கும். நாற்பதைத் தாண்டியவனுக்குக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸும் இறுகிப்போயிருக்கும். கிட்டத்தில் பார்க்க உள்ளே இருக்கும் தசை அவ்வளவு பாடுபட வேண்டும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். அந்த வாரம்தான் அவளுக்கே பாடம் எடுத்திருந்தேன்: இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தூரத்தில் இருப்பதை, இருபது விநாடி பாரும்மா என்று. அவள் ஜன்னலைப் பார்த்தாள். தம்புச்செட்டி தெருவில் ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டடத்துச் சுவர். "இருபது அடிக்கு எங்கண்ணா போறது?" என்றாள்.

சரி, கண் மோசம். ஆனால் போனை வாங்கி இரண்டு விரலால் விரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதற்கு எத்தனை விநாடி ஆகும்? "தெரியலை, யார்டுக்குக் கேளு" என்று சொல்வதற்குக் கண்ணே தேவையில்லை. அவள் சந்தேகப்பட்டுத்தான் கேட்டாள். சந்தேகப்பட்டவளிடம் நான் சந்தேகமே இல்லாமல் சொன்னேன். பத்தொன்பது வருஷமாக இதே வேலை செய்கிறவன் சொன்னால் அவள் எப்படி மறுப்பாள்?

மறுநாள் மேனேஜர், "யார் அடிச்சது?" என்று கேட்டார். "நான்தான் சார்" என்றாள். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். நான் சொல்லித்தான் அடித்தாள் என்று சொல்ல எடுத்த வாய் அப்படியே நின்றுவிட்டது. அவர் போன பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் வரை அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டாள். ஃபைலில் வைக்க என் கைக்குத்தான் வந்தது. "கண் எரிச்சல் இருந்த காரணத்தால் எண்ணைத் தவறாகப் படித்துவிட்டேன்."

எரிந்தது என் கண். அவளுக்கு வயது இருபத்து மூன்று.

அதற்கப்புறம்தான் எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். 1819லிருந்து நடக்கிற ஆஸ்பத்திரி. வரிசையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு முன்னால் எத்தனை குமாஸ்தாக்கள் இப்படி வந்திருப்பார்கள் என்று தோன்றியது. டாக்டர் ஒன்றேகால் பவர் எழுதிக் கொடுத்தார். திரையைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறக்கச் சொன்னார். பார்வை தாழ்ந்தால் இமையும் தாழும், கண் அவ்வளவு சீக்கிரம் காயாது. ஏசி காற்றைத் திருப்பிவிடச் சொன்னார். பாரிமுனையில் 300 ரூபாய்க்கு வாங்கியிருந்த நீல ஒளிக் கண்ணாடியைக் காட்டினேன். அதனால் எரிச்சல் குறையாது, இமைக்கப் பழகுங்கள் என்றார். வெளியே வந்ததும் மனசு லேசானது. பவர் இருக்கிறது, அப்போ என் தப்பில்லை என்று. பஸ் ஏறுவதற்குள் அந்த நிம்மதி போய்விட்டது. கண்ணாடி போட வேண்டும் என்று ஒரு வருஷமாகத் தெரிந்தும் தள்ளிப்போட்டது யார்?

அவளிடம் ஒருநாள் சொன்னேன். "அந்த எட்டு நான் சொன்னதும்மா." "விடுங்கண்ணா, முடிஞ்சு போச்சு" என்றாள். மேனேஜரிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போது சொன்னால் அவள் எழுதிய கடிதம் பொய்யாகிவிடும், அவளுக்குத்தான் சங்கடம் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மையாகவும் இருக்கலாம்.

இப்போது நாலு மணிக்கு மொட்டை மாடிக்குப் போகிறேன். ஒரு பக்கம் துறைமுகத்துக் கிரேன்கள், இன்னொரு பக்கம் ஐகோர்ட் கோபுரம். 1894லிருந்து 1977 வரை அதன் உச்சியில்தான் கலங்கரை விளக்கு எரிந்தது. கடலில் வருகிறவர்களுக்குத் தெரிந்த வெளிச்சம், இருபது விநாடி பார்க்க நல்ல தூரம். அவளையும் கூப்பிட்டேன், "இதை முடிச்சிட்டு வர்றேண்ணா" என்றாள். இறங்கி வந்தபோது ஒரு சீல் படத்தைத் திரை முழுக்க விரித்து வைத்து, ஒவ்வொரு இலக்கமாகத் தனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தாள். என் புதுக் கண்ணாடி என் மேஜைமேல்தான் இருந்தது. அவள் என்னிடம் கேட்கவில்லை.