641-இடம் தோற்ற 429 கோடி

கோத்தகிரியில் என்னிடம் மாலையில் கணக்குப் படிக்க வரும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஐப்பசி மழையில் மின்சாரம் போயிருந்த ஒரு நாள், 4294967297 என்ற எண்ணைக் கொடுத்து, கைப்பேசியைத் தொடாமல் இது பகா எண்ணா என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். 429 கோடியைத் தாண்டும் இந்த எண், 2³² உடன் ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது.

பள்ளியில் கற்றுத்தரும் வழி, வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பதாகும். இதன் வர்க்கமூலம் 65536-ஐச் சற்றே கடக்கிறது; அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. பருவமழை ஓய்ந்தாலும் அந்த வகுத்தல் ஓயாது.

பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா 1640-இல், அடுக்கு 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போகும் இவ்வகை எண்கள் அனைத்தும் பகா எண்களே என்று நம்பினார். முதல் ஐந்தும் (3, 5, 17, 257, 65537) அப்படித்தான் இருக்கின்றன. ஆறாவதான நம் எண்ணை 641 மீதியின்றி வகுக்கும் என்று 1732-இல் கணித மேதை ஆய்லர் காட்டினார், ஈவு 6700417.

அவர் 641-ஐக் குருட்டாம்போக்கில் பிடிக்கவில்லை. நம் எண்ணை ஒரு பகா எண் வகுக்குமானால், அதனால் 2³²-ஐ வகுக்கும்போது மீதி −1 (அதாவது, மீதியின்றி வகுபட ஒன்று குறைகிறது). ஆகவே 2⁶⁴-க்கு மீதி 1, அதற்கு முந்தைய எந்த அடுக்கிலும் 1 வராது. அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைவான அடுக்கிலும் மீதி 1 வரும் என்பது ஃபெர்மாவின் சிறு தேற்றம். மீதி 1 வரும் அடுக்குகள் எல்லாம், அது முதன்முதலில் வந்த அடுக்கின் மடங்குகளே. எனவே அந்த வகுத்தி, 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருந்தாக வேண்டும். ஃபெர்மாவின் நம்பிக்கையைக் கவிழ்க்க அவருடைய தேற்றமே போதுமானதாக இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. இப்படிச் சலித்தால் மிஞ்சும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641; ஐந்தாவது முயற்சியிலேயே விடை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா, வகுத்தி 128-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும் என்று காட்டியபின், 257-உம் 641-உம் மட்டுமே எஞ்சின. 3, 5, 17, 257, 65537 ஆகியவற்றின் பெருக்கற்பலன் 4294967295. நம் எண் அதைவிடச் சரியாக இரண்டு அதிகம். ஆதலால் 257-ஆல் வகுத்தால் மீதி 2, அதுவும் கழிந்தது.

இறுதி வகுத்தலைக்கூடத் தவிர்க்கலாம். 641 என்பது 5×128+1, அதுவே 625+16. முதல் வடிவத்தின்படி 5×2⁷-க்கு மீதி −1, அதன் நான்காம் அடுக்கான 625×2²⁸-க்கு மீதி 1. இரண்டாம் வடிவத்தின்படி 625-க்குப் பதில் −16-ஐ வைக்கலாம். அப்போது −2³²-க்கு மீதி 1, ஆகவே 2³²+1-க்கு மீதி பூச்சியம். இந்த வரியைக் கரும்பலகையில் எழுதியதும், அதுவரை 193-ஆல் வகுத்துக்கொண்டிருந்த ஒரு மாணவி பேனாவை மூடிவிட்டாள்.

ஃபெர்மா எண்கள் எனப்படும் இவ்வகை எண்களில் ஆறாவது பகா எண் இதுவரை அகப்படவில்லை. அடுக்கு 2²⁰ ஆகும்போது வரும் எண், பகா எண் அல்ல என்று உறுதியாகியும், அதன் வகுத்தி ஒன்றுகூட இன்னும் கிடைக்கவில்லை. வகுத்தியைக் காணாமல் அதை எப்படி உறுதி செய்தார்கள் என்று அந்த மாணவி கேட்டாள். அடுத்த வகுப்பில், வகுத்தியைத் தேடாமலே ஒரு ஃபெர்மா எண் பகா எண்ணா என்று சொல்லிவிடும் பெப்பின் சோதனையை எடுத்தோம்.