பைபோலார் கேள்வியை வார்டிலிருந்து எழுதுவது எப்படி: மென்டல் ஹெல்த் நர்சிங் படிப்பவர்களுக்கு

மென்டல் ஹெல்த் நர்சிங் தாளில் பைபோலார் (மனம் அளவுமீறிக் கிளர்ந்தெழும் மேனியாவும், சோர்ந்துபோகும் டிப்ரஷனும் வந்து வந்து போகும் நோய்) பெரிய கேள்வியாக வந்தால் வரையறை, வகைகள், அறிகுறிகள் வரை எல்லோரும் எழுதிவிடுகிறோம். அறிகுறிகள் குறைந்தது மேனியாவுக்கு 7 நாள், அதன் லேசான வடிவமான ஹைப்போமேனியாவுக்கு 4 நாள், டிப்ரஷனுக்கு 2 வாரம் நீடிக்க வேண்டும் என்ற கணக்கும் யாருக்கும் தப்பாது. மதிப்பெண் பிரிவது நர்சிங் மேனேஜ்மென்ட் பகுதியில்தான். 'எமோஷனல் சப்போர்ட் கொடுக்க வேண்டும்', 'தெரப்யூட்டிக் கம்யூனிகேஷன் பயன்படுத்த வேண்டும்' என்று தொடங்கி, அதையே நாலு விதமாகச் சுற்றி எழுதி ஒன்றரைப் பக்கம் நிரப்புவோம். டிமென்ஷியா கேள்விக்குக் கீழே ஒட்டினாலும் அந்தப் பதில் பொருந்தும். திருத்துகிறவருக்கு இது தெரியாதா?

நான் படித்த விதம் வேறு. மேனியாவில் இருக்கிற ஒருவரின் ஒரு முழு நாளை மனதில் ஓட்டிப் பார்ப்பேன். ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார், காலையில் உட்கார்ந்து சாப்பிட்டாரா, தண்ணீர் குடித்தாரா, பக்கத்து பெட்காரரிடம் ஏன் சண்டை, மாத்திரையை விழுங்கினாரா. இந்த வரிசையே கேர் ப்ளான் ஆகிவிடும். போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) போகாமல் இதைப் படிப்பது கஷ்டம். சென்னைப் பக்கக் கல்லூரி மாணவர்கள் பலருக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் போஸ்டிங் இருக்கும். 1794-இல் தொடங்கியது அது. இந்திய மனநலச் சேவையின் வரலாறு கேட்டால் அந்த ஆண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேனியாவில் முதல் ஆபத்து உடம்புக்கு. நாலைந்து நாள் தூங்காமல், உட்காராமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் நடந்துகொண்டே இருப்பவர் அசந்து விழும்வரை தனக்குக் களைப்பு என்று சொல்லவே மாட்டார். அதனால் கேர் ப்ளானில் காயத்துக்கான அபாயம், சத்துக் குறைபாடு, தூக்கக் குலைவு மூன்றும் முதலில் வரட்டும். தன்மதிப்பு, சமூக உறவு எல்லாம் அப்புறம். சாப்பாட்டுக்குப் புத்தகத்தில் 'ஃபிங்கர் ஃபுட்ஸ்' என்று இருக்கும். பக்கத்தில் சாண்ட்விச் என்று போட்டிருப்பதை அப்படியே எழுதாதீர்கள். நம்ம வார்டில் நடந்துகொண்டே சாப்பிட முடிவது இட்லி, வாழைப்பழம், கடலை உருண்டை, சுருட்டிய சப்பாத்தி. ரேஷனலில் (ஏன் செய்கிறோம் என்ற காரணப் பகுதியில்) 'ஒரே இடத்தில் உட்கார முடியாததால் கையில் எடுத்துச் செல்லக்கூடிய, கலோரி மிகுந்த உணவு' என்று எழுதினால் போதும்.

தூண்டுதல் குறைந்த சூழல் என்பதும் அப்படித்தான். தனி அறை கொடுக்க வேண்டும் என்று புத்தகம் சொல்லும். அரசு வார்டில் தனி அறைக்கு எங்கே போவது? டிவிக்கும் வாசலுக்கும் தள்ளி, நர்சிங் ஸ்டேஷன் கண்ணில் படுகிற பெட் என்று எழுதுங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளர், இதைப் பற்றிக் கேட்டால், வார்டைப் பார்த்தவர் சொல்லும் பதில் இது என்று அவருக்கே புரியும்.

பேசும் முறைக்கு இரண்டே விஷயம். வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். விதி எல்லா ஷிஃப்டிலும் ஒன்றாக இருக்கட்டும். "காலை சிஸ்டர் போன் குடுத்தாங்களே, நீங்க மட்டும் ஏன் தர மாட்டேங்கிறீங்க?" என்று மாலை டியூட்டிக்காரரிடம் கேட்பார். இரண்டு பேரும் ஒரே பதில் சொல்லாவிட்டால் எல்லை வகுத்ததற்கு அர்த்தமில்லை. தான் பெரிய மகான் என்று அவர் சொல்லும்போது வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "சரிண்ணா, இப்ப குளிச்சிட்டு வந்துடலாமா?" என்று வேலைக்குத் திருப்புங்கள். எம்எஸ்இ (மனநிலைப் பரிசோதனைக் குறிப்பு) எழுதும்போது அவர் சொன்னதைத் தமிழிலேயே வார்த்தை மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். "பல்லு, கல்லு, நெல்லு, சொல்லு" என்று ஓசைக்கு ஓசை தாவுகிற பேச்சை ஆங்கிலத்தில் சுருக்கி எழுதிவிட்டால் கிளாங் அசோசியேஷனுக்கு (பொருளை விட்டு ஓசையைப் பிடித்துத் தாவும் பேச்சுக்கு) ஆதாரமே இருக்காது.

பைபோலாருக்குத் தரும் முக்கிய மருந்தான லித்தியத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஷார்ட் நோட், எம்சிக்யூ, வைவா மூன்றிலும் வரும். 1949-இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் மேனியாவுக்கு இது பயன்படுவதை வெளியிட்டார். ரத்த அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிஈக்விவலன்ட் வரை, 1.5-ஐத் தாண்டினால் நச்சு அறிகுறிகளை எதிர்பார்க்க வேண்டும். கடைசி டோஸுக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். அதனால்தான் ராத்திரி மாத்திரை, காலையில் ரத்தம், அதற்குப் பிறகுதான் காலை டோஸ். மருந்து வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை ஒலான்சபின் மாதிரி வேகமாக அமைதிப்படுத்தும் மருந்து ஒன்று ஏன் கூடவே ஓடுகிறது என்ற கேள்விக்கும் இதுவே பதில். ஆரம்பிக்கும் முன் சிறுநீரகமும் தைராய்டும் பார்ப்பார்கள், பிறகும் அவ்வப்போது பார்ப்பார்கள்.

இதில் உப்புக் கணக்கைப் புரிந்து படியுங்கள். உடலில் சோடியம் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ரத்தத்தில் அளவு ஏறும். சித்திரை வெயிலில் வியர்த்துக்கொட்டுவது, வயிற்றுப்போக்கு, பிபி வந்ததும் சட்டென உப்பைக் குறைப்பது, உப்பில்லா விரதம் எல்லாமே இந்த வழியில்தான் ஆபத்தாகின்றன. மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், பிபிக்குத் தரும் சில நீர்மாத்திரைகளும் லித்தியம் அளவை ஏற்றும். டிஸ்சார்ஜ் டீச்சிங் கேட்டால் இவற்றை வீட்டுக்காரர்களிடம் சொல்கிற மாதிரியே எழுதுங்கள். "உப்பைக் கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்மா. வாந்தி, பேதின்னா மாத்திரையைத் தொடர்றதுக்கு முன்னாடி உடனே டாக்டர்கிட்ட கேளுங்க."

நடுக்கத்தை வைத்து வைவாவில் கட்டாயம் மடக்குவார்கள். விரல் நுனியில் மெல்லிய நடுக்கம், தாகம், அடிக்கடி சிறுநீர் எல்லாம் வழக்கமான பக்கவிளைவுகள். கை முழுக்க உதறுவது, தள்ளாட்டம், நாக்குக் குழறல், வாந்தி, மயக்கநிலை என்றால் நச்சு. அடுத்த டோஸை நிறுத்திவைத்து, டாக்டருக்குத் தெரிவித்து, ரத்த அளவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். முறிமருந்து கிடையாது, முற்றினால் டயாலிசிஸ். பைபோலாருக்குத் தரும் மற்ற மருந்துகளில், வால்ப்ரோயேட்டுக்குக் கல்லீரல் பாதிப்பையும் கர்ப்பகால ஆபத்தையும், கார்பமசெபினுக்கும் லாமோட்ரிஜினுக்கும் தோல் தடிப்பையும் நினைவில் வைத்தால் பெரும்பாலான கேள்விகளுக்குப் போதும்.

டிப்ரஷன் கட்டத்தில் ஒரு விஷயத்தை அழுத்தி எழுதுங்கள். சோர்ந்து கிடந்தவர் கொஞ்சம் எழுந்து நடமாடத் தொடங்கியதும் நாம் நிம்மதியாகிவிடுவோம். தற்கொலை அபாயத்தில் அதிகக் கண்காணிப்பு தேவைப்படுவது அந்த நேரத்தில்தான். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பதால் எண்ணம் உண்டாகாது. மாத்திரையை விழுங்கியதை வாயைத் திறக்கச்சொல்லி உறுதி செய்வது, ஒரே நேர இடைவெளியில் போகாமல் மாற்றி மாற்றிப் போய்ப் பார்ப்பது, இரண்டையும் தனித்தனி இன்டர்வென்ஷனாகக் காட்டுங்கள். டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண் 14416, தமிழிலும் பேசலாம், ஹெல்த் எஜுகேஷனில் சேருங்கள்.

சட்டத்துக்குப் பழைய கைடுகளை நம்பாதீர்கள். 1987 மனநலச் சட்டம் போய், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. நோயாளியைத் தனியறையில் பூட்டக் கூடாது. கட்டிவைப்பது, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பில் உள்ள மனநல மருத்துவரின் அனுமதியோடு மட்டும். ஆள் பற்றாக்குறை ஒரு காரணமாகாது. மயக்கமருந்தும் தசைத்தளர்த்தியும் இல்லாத ஈசிடிக்கு (மின்வலிப்பு சிகிச்சைக்கு) தடை. முன்கூட்டிய அறிவுறுத்தல் பற்றிக் கேட்டால் பைபோலாரையே உதாரணமாகக் கொடுங்கள். இரண்டு எபிசோடுக்கு நடுவில் தெளிவாக இருக்கும் காலத்தில், அடுத்த முறை தனக்கு என்ன சிகிச்சை வேண்டும், என்ன வேண்டாம் என்று அவரே எழுதிவைக்க முடியும்.

எம்ஆர்பி (தமிழ்நாடு அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்), நார்செட் (எய்ம்ஸ் நர்சிங் அதிகாரி தேர்வு) எழுதப்போகிறவர்களுக்கு: மேனியா கேஸ் கொடுத்து 'முதல் முன்னுரிமை எது' என்று கேட்டால், நாலு விடைகளில் குழு விளையாட்டு, விவாதம், போட்டி மாதிரி இரண்டு பார்த்தவுடன் அடிபடும். மிச்சம் இரண்டு நிற்கும். ஒன்று உணர்வுகளை வெளிப்படுத்த வைப்பது, மற்றது தண்ணீர், உணவு, பாதுகாப்பு சார்ந்தது. இரண்டாவதைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.