கப்பக்காரன் வீடு: நேட்டால் போனவரைத் தேடியதில் இதுவரை கிடைத்தது

ஊரில் எங்கள் வீட்டுக்குக் ‘கப்பக்காரன் வீடு’ என்று பெயர். வீட்டில் யாரும் கப்பலில் வேலை பார்த்ததில்லை. என் எள்ளுத்தாத்தாவின் அண்ணன் தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனார், திரும்பி வரவில்லை. அந்த ஒரு சேதிதான் வீட்டுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. பணி ஓய்வு பெற்றபின் கையில் நேரம் இருந்ததால் அவரைத் தேட ஆரம்பித்தேன். வேலை இன்னும் முடியவில்லை. ஆனாலும் நிலபுலன் இல்லாத கூலிக் குடும்பங்களின் பழைய கதையைத் தேடுகிறவர்களுக்கு உதவும் அளவுக்குச் சில விஷயங்கள் சேர்ந்துவிட்டன. இனி அவரைப் பெரியவர் என்றே எழுதுகிறேன். போனபோது அவருக்கு இருபத்துச் சொச்சம் வயது என்பது வேறு விஷயம்.

முதலில் அத்தையிடம் உட்கார்ந்தேன். அப்பாவுக்கு மூத்தவர். இங்கிலீஷ் வருடக் கணக்கெல்லாம் அவரிடம் செல்லாது. “தாது வருசத்துப் பஞ்சத்துல போவல. பஞ்சம் தெளிஞ்சு, ஏரி ரொம்பி, ஆளுங்களுக்கு வேலை கெடச்ச பொறவுதான் போனாரு. கடனுக்குப் பயந்து போனாருன்னு எங்க ஆயா சொல்லும்” என்றார். தாது என்றால் 1876-77. பஞ்சம் 1878 வரை நீண்டது. அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் சுற்றி வரும் என்பதால் 1936-ஆக இருக்குமோ என்றும் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப் போவது 1911-லேயே நின்றுவிட்டது. ஆக 1878-ஐ ஒட்டிய அடுத்த சில வருடங்கள் என்று ஓர் எல்லை கிடைத்தது. வயதானவர்களிடம் எந்த வருடம் என்று கேட்டால் பதில் வராது. பஞ்சத்துக்கு முன்னாலா பின்னாலா, அப்போது வீட்டில் யாருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, யார் பிறக்கவில்லை என்று கேட்டால் வரும்.

அடுத்து, எல்லோரும் போகிற இடத்துக்கே நானும் போனேன்: நிலப் பதிவேடுகள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எங்கள் ஊர் செட்டில்மென்ட் பதிவேடு கைக்கு வந்தது. எங்கள் ஊர் வந்தவாசிப் பக்கம், அந்தக் காலத்து வட ஆர்க்காடு ஜில்லா. சர்வே எண், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் என்று வரிசையாகப் போகிறது. அந்தப் பட்டாதாரர்களின் வாரிசுகள் இன்றைக்கும் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் வம்சத்தை அந்த ஒரு பதிவேட்டை வைத்தே பாதி எழுதிவிடலாம். எங்கள் தெருவோ ‘சேரி நத்தம்’ என்ற ஒரே சர்வே எண்ணுக்குள் முடிந்துபோகிறது. உள்ளே எத்தனை குடிசை, எது யாருடையது, ஒன்றும் இல்லை. படியாளாக ஏர் ஓட்டியவனிடம் தீர்வை வசூலிக்க எதுவும் இல்லை, அதனால் அவன் பெயரும் வேண்டியிருக்கவில்லை.

மற்ற வழிகளும் சீக்கிரமே அடைபட்டன. 1871, 1881 குடிமதிப்புகளில் வீட்டுவாரியாக எழுதிய தாள்கள் மிஞ்சவில்லை, கூட்டுத்தொகைகள்தான் அச்சில் இருக்கின்றன. பிறப்பு இறப்புப் பதிவுக்கு மதராஸ் மாகாணத்தில் தனிச்சட்டம் வந்ததே 1899-ல். வட ஆர்க்காட்டில் 1853 முதல் ஆர்க்காடு மிஷன் வேலை செய்தது, அதனால் ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்களுக்குச் சர்ச் பதிவேடு ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

ஊரிலேயே இருந்தவர்களை யாரும் எழுதவில்லை. கப்பல் ஏறியவரை மட்டும் உச்சி முதல் உள்ளங்கால் வரை எழுதி வைத்திருக்கிறார்கள். இது புரிந்த பிறகுதான் தேடல் உருப்பட்டது.

நேட்டாலுக்கு முதல் கப்பல் ‘ட்ரூரோ’, மதராஸிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் 342 பேரை இறக்கியது. அதிலிருந்து 1911 வரை போனவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் வழியாகப் போனவர்கள். இறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, ஒன்றிலிருந்து தொடங்கி ஓர் எண். காலனி எண் என்பார்கள். எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடம்பில் உள்ள அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள் என்ற விவரம். சில வரிகளில் இறந்த தேதியோ ஊர் திரும்பிய கப்பலோ பின்னால் சேர்க்கப்பட்டிருக்கும். மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைப் படியெடுத்த கணினிப் பட்டியலில்தான் நான் தேடினேன்.

பெயரை வைத்துத் தேடுவது வீண். முனுசாமியும் வீராசாமியும் சின்னம்மாவும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரே முனுசாமி ஒரு கப்பலில் மூன்சாமி, இன்னொன்றில் மூனியசாமி. நான் முதலில் ஜில்லாவைப் பிடித்தேன். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 1911 வரை வட ஆர்க்காட்டுக்குத் தலைநகர் சித்தூர். அதனால் சித்தூர் ஜில்லா என்று எழுதியிருந்தால் இன்றைய ஆந்திரா என்று தள்ளிவிடக் கூடாது, போளூர்க்காரரும் ஆரணிக்காரரும் அதற்குள் இருப்பார்கள். ஜில்லாவுக்குப் பிறகு தாலுகா, தாலுகாவுக்குப் பிறகு ஊர். ஊர்ப் பெயரை வாய்விட்டு, தெலுங்கு தெரிந்த குமாஸ்தாவின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று சொல்லிப் பார்த்து, அப்படி வரக்கூடிய எழுத்துக்கூட்டல்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். எங்கள் ஊரின் முதலெழுத்தே பட்டியலில் வேறாக இருந்தது. சாதிப் பத்தியை வைத்து யாரையும் சேர்க்கவும் இல்லை, கழிக்கவும் இல்லை. ஊரை விட்டுத் தப்பிப் போகிறவர், கப்பல் ஏறுமுன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் என்ன சொன்னாரோ, எழுதியவர் என்ன போட்டாரோ, அதன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

எங்கள் ஊர் என்று சொல்லக்கூடிய ஆட்களில் வயதும் காலமும் ஒத்துவந்தவர்கள் ஒரு கைக்குள் அடங்கினார்கள். அவர்களில் இருவருக்கு ஒரே பெயர். அங்கே கைகொடுத்தது, தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வழக்கம். எங்கள் வீட்டில் இரண்டே பெயர்கள் மாறி மாறி வருகின்றன. என் கொள்ளுத்தாத்தாவின் பெயர்தான் அவருடைய தாத்தாவுக்கும், அதாவது பெரியவரின் தகப்பனுக்கும், இருந்திருக்க வேண்டும். பட்டியலில் ஒருவருக்குத் தகப்பன் பெயர் அதுவாகவே இருந்தது. வயது 24. அடையாளம்: இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. இறங்கியது 1880-களின் தொடக்கத்தில். மதராஸ் துறைமுகத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோதே 1881 புயல் பெரும்பகுதியை அடித்துப்போட்ட காலம் அது. மசூலா படகில் அலையைத் தாண்டித்தான் கப்பலுக்குப் போயிருப்பார்.

அத்தையிடம் தழும்பைச் சொன்னேன். “ஏரு ஓட்றவனுக்குக் காலுல தழும்பு இல்லாம இருக்குமா?” என்றார். அதுவும் சரிதான். தகப்பன் பெயர், ஊர், காலம் மூன்றும் சேர்வதால் இவர்தான் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இதில் ஏதாவது ஒன்று மட்டும் ஒத்துவந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அவருக்கு அடுத்த எண்ணில் ஒரு பெண். வயது 20, ஊர் குடியாத்தம் தாலுகா, குறிப்பில் ‘மனைவி’ என்று அவருடைய எண் போடப்பட்டிருக்கிறது. வீட்டில் யாருக்கும் இது தெரியாது. அத்தைக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது கப்பலில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கணக்கை நிரப்ப டிப்போவிலேயே ஜோடி சேர்ந்தவர்கள் உண்டு. இரண்டு பேர் ஊருக்கும் நடுவே இருக்கும் தூரத்தைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் முன்பே கல்யாணம் ஆகி, கூட்டிக்கொண்டு ஓடியும் இருக்கலாம். கடன் கதையைவிட அதற்குத்தான் ஊரை விட்டுப் போகக் காரணம் பலமாக இருக்கிறது! இதற்குமேல் கற்பனை செய்யக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இறங்கியபின் அவர்களை அனுப்பியது உம்சிண்டோ பக்கத்துக் கரும்புத் தோட்டம் ஒன்றுக்கு. ஐந்து வருட ஒப்பந்தம். ஆணுக்கு முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும், கூடவே அரிசி, பருப்பு, உப்பு மீன் படி. பத்து வருடம் இருந்தால் திரும்பக் கப்பல் இலவசம். அந்தச் சலுகையை அவர் எடுத்துக்கொண்டதாகக் குறிப்பில் இல்லை. ஒப்பந்தம் முடித்துத் தங்கியவர்கள் மேல் ஆளுக்கு வருடம் 3 பவுண்டு வரி போட்ட சட்டம் 1895-ல்தான் வந்தது. அதற்கு முன்பே போனவர் என்பதால் இவரை அது தொட்டிருக்காது.

பட்டியலைத் தாண்டிப் போக அந்த எண்தான் சாவி. 1871-ல் திரும்பி வந்தவர்கள் மதராஸில் இறங்கி, அடி, பிடித்தம், பாக்கிச் சம்பளம் என்று வரிசையாகப் புகார் சொன்னார்கள். ஆள் அனுப்புவது நின்றிருந்த அந்த நேரத்தில் 1872-ல் நேட்டாலில் ஒரு விசாரணைக் கமிஷன் போட்டார்கள். இந்தியக் குடியேறிகளுக்கென்று பாதுகாவலர் ஒருவரை நியமித்தார்கள். 1874-ல்தான் கப்பல்கள் மறுபடி ஓடின. பாதுகாவலர் அலுவலகம் ஒவ்வொரு தாளிலும் காலனி எண்ணை எழுதியது. கல்யாணம், பிள்ளைப் பிறப்பு, சாவு, புகார், பாஸ் எல்லாவற்றிலும் அது உண்டு. அந்தக் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கின்றன. கோப்புத் தலைப்புகளைத் தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் தேடலாம். எண்ணை மட்டும் போட்டுத் தேடுங்கள், பெயர் வேண்டாம்.

அப்படித் தேடியதில் பெரியவரின் எண்ணோடு ஒரு தலைப்பு வந்தது: காலஞ்சென்ற இன்னாரின் உடைமைகள் பற்றியது, 1890-களின் கடைசியில். உயில் இல்லாமல் இறந்த கூலிகளின் பாக்கிச் சம்பளம், சாமான், மாடு இவற்றைப் பாதுகாவலர்தான் தீர்த்துவைப்பார். வாரிசு இந்தியாவில் இருந்தால் மதராஸுக்கு எழுதிக் கேட்பதும் உண்டு. அப்படி ஒரு கடிதம் எங்கள் ஊர்க் கர்ணத்திடம் வந்ததா, வந்து யாரிடமும் சொல்லாமல் போட்டுவிட்டாரா என்பது கோப்பைப் பார்த்தால்தான் தெரியும். மனைவியின் எண்ணில் எந்தத் தலைப்பும் இல்லை.

இடையில் டர்பனிலிருந்து ஒரு பெண் தொடர்பில் வந்தார். அவருடைய கொள்ளுப்பாட்டி ஆரணிப் பக்கம். அவர் கையில் எண் இருக்கிறது, ஊர் எது என்று தெரியவில்லை. எனக்கு நேர்மாறு. என்னை அங்கிள் என்கிறார். தமிழ் படிக்கத் தெரியாது, ஆனால் வருடா வருடம் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற வீடு. பட்டியலிலிருந்து எடுத்து அவர் அனுப்பிய ஊர்ப் பெயருக்குப் பொருந்தும் மூன்று கிராமங்களைச் சொன்னேன். ஒன்றில் ஏரிக்கரை மாரியம்மன் கோயில் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்குப் பதிலாக என் கோப்பை அவர் நேரில் போய்க் கேட்டு, நகலுக்குப் பணமும் கட்டிவிட்டார்.

நகல் வரும்வரை கையில் இருக்கும் வேலை, இங்கே தங்கிவிட்ட தம்பியின் தடம். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, 1892 அரசாணைப்படி தாழ்த்தப்பட்டோருக்கு நிபந்தனையோடு நிலம் ஒதுக்கினார்கள். பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். நிலப் பதிவேட்டில் படியாள் வீட்டுப் பெயர்கள் முதன்முதலாக வர வாய்ப்புள்ள இடம் அதுதான். எங்கள் ஊரில் யாருக்கு எந்தச் சர்வே எண்ணில் கொடுத்தார்கள் என்று தாலுகா ஆபீஸில் மனு போட்டிருக்கிறேன். அந்த நிலம் இப்போது யார் கையில் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும், அதற்கு மனு தேவையில்லை.