மனு வராத சந்து

தெருவிளக்குப் பிரிவில் வேலை பார்ப்பவனிடம் யாரும் கொலையைப் பற்றிப் பேசமாட்டார்கள் என்று நினைத்துத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் ஆண்டிலேயே அந்த எண்ணம் போய்விட்டது. "எங்கள் தெருமுனையில் 2 விளக்குகள் எரியவில்லை" என்று தொடங்கும் மனு, நான்காவது வரியில் "சென்ற வாரம் பக்கத்துத் தெருவில் ஒருவரைக் கத்தியால் குத்திவிட்டார்கள்" என்று திரும்பும். அதற்கடுத்த வரியில், எழுதியவரின் மகள் எத்தனை மணிக்கு வேலை முடிந்து வருகிறாள் என்பது இருக்கும். விளக்கு எரியவில்லை என்று சொல்ல ஒரு வரி போதும். மீதிப் பக்கம் முழுவதும் பயம்.

இது எங்கள் பிரிவுக்கு வரவேண்டிய மனு அல்ல, காவல் நிலையத்துக்குப் போகவேண்டியது என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். நான் அப்படி நினைத்ததில்லை. 1667இல் பதினான்காம் லூயி மன்னர் பாரிஸ் நகரத்துக்குத் தனியாக ஒரு காவல் தலைமைப் பதவியை உருவாக்கி லா ரெய்னி என்பவரை அதில் அமர்த்தினார். அந்த அதிகாரி எடுத்துக்கொண்ட முதல் வேலைகளில் ஒன்று, தெருக்களில் மெழுகுவர்த்தி விளக்குகளைத் தொங்கவிட்டது. விளக்குப் போடுவதும் காவல் காப்பதும் தொடக்கத்தில் ஒரே மேசையில் நடந்த வேலைகள். பிரிவுகள் பின்னால்தான் பிரிந்தன.

நான் பணியில் சேர்ந்தபோது வெறும் நிலமாகக் கிடந்த இடங்களெல்லாம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தெருக்களாகிவிட்டன. வீடு முதலில் வந்தது, குடியிருப்பவர் வந்தார், பிறகு சாலை, அதற்கும் பிறகுதான் விளக்கு. அந்த இடைவெளியில் ஒரு வெட்டோ குத்தோ நடந்துவிட்டால் ஊர் முழுவதும் ஒரு வாரம் அதே பேச்சாக இருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு வாரத்தில்தான் குடியிருப்போர் சங்கத்தின் கூட்டத்துக்கு என்னையும் காவல் ஆய்வாளரையும் அழைத்திருந்தார்கள். அதற்குச் சில நாள் முன்பு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரவு வேலை முடிந்து நடந்து வந்த ஓர் இளைஞனைக் குத்திவிட்டிருந்தார்கள். அவன் பிழைக்கவில்லை. கூட்டத்துக்கு வந்தவர்களில் யாருக்கும் அவனைத் தெரியாது. சங்கத்தின் தெருக்களிலிருந்து அந்த இடம் ஒன்றரை கிலோமீட்டர். ஆனாலும் அறையில் நிற்க இடமில்லை. அடுக்ககத்தின் ஒரு முதியவர், மனைவி ஆறு மணிக்கு மேல் மாடியை விட்டு இறங்குவதே இல்லை என்று சொல்லும்போது அவருக்குக் குரல் நடுங்கியது. வேறொருவர், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து குவிகிறவர்களால்தான் எல்லாம் என்றார். பலர் தலையாட்டினார்கள். குத்துப்பட்டுச் செத்தவனே அப்படி வேலைக்கு வந்தவன்தான். அதை நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

ஆய்வாளர் நேர்மையான மனிதர். அவர் கணக்குச் சொன்னார். 10 லட்சம் பேர் இருக்கும் ஊரில் ஆண்டுக்கு 30 கொலை நடந்தால் லட்சத்துக்கு 3. அதே ஊர் 20 லட்சமாகி, கொலை 45 ஆனால் லட்சத்துக்கு 2.25. எண்ணிக்கை கூடியிருக்கும், ஆபத்து குறைந்திருக்கும். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மையார் கேட்டார்: "அப்படியானால் 15 குடும்பங்கள் கூடுதலாக அழுகின்றன என்றுதானே அர்த்தம்?" ஆய்வாளரிடம் அதற்குப் பதில் இல்லை. அவருடைய கணக்கு சரி. அந்த அம்மையார் கேட்டதும் சரி.

அமெரிக்காவில் 1993இலிருந்து வன்முறைக் குற்றங்கள் பெருமளவு குறைந்தன. ஆனால் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் ஆண்டுதோறும் கேட்டபோது, பெரும்பாலான ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், போன ஆண்டைவிட நாட்டில் குற்றம் கூடிவிட்டது என்றே பதில் சொல்லியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது, பயப்படுகிறவர்கள் விவரம் அறியாதவர்கள் என்று முடிவுகட்டத் தோன்றியது. அந்த முதியவரின் குரலைக் கேட்ட பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அவர் மனைவி ஆறு மணிக்கு மேல் இறங்குவதில்லை என்பது புள்ளிவிவரத்தில் வராத இழப்பு. அப்படி நாற்பது பேர் இறங்காமல் போனால் அந்தத் தெரு உண்மையிலேயே வெறிச்சோடிப் போகிறது.

கூட்டம் முடிந்து மூன்று வாரத்துக்குள் அந்தக் குடியிருப்பின் நுழைவாயிலில் ஓர் உயர்கோபுர விளக்கு எழும்பியது. மேலிடத்து உத்தரவு, நான் கையெழுத்திட்ட கோப்பு. முதல் நாள் அதை எரியவிட்டபோது எல்லோரும் கைதட்டினார்கள். நான் கம்பத்திலிருந்து சற்றுத் தள்ளிப் போய் நின்று பார்த்தேன். அடியில் பகல் போல் இருந்தது. அந்த வெளிச்சத்துக்குள் நிற்பவருக்கோ மதில் மூலைக்கு அப்பால் எதுவுமே தெரியவில்லை. கண் கூசும் வெளிச்சத்துக்கு அடுத்திருக்கும் இருட்டு, சாதாரண இருட்டைவிடக் கனமானது. ஒரே இடத்தில் கொட்டாமல் சீராகப் பரப்பிய மிதமான ஒளியில்தான், எதிரே வருபவரின் முகமும் கைகளும் முன்கூட்டியே தெரியும். இது எங்கள் வேலையின் பாலபாடம். கைதட்டலுக்கு நடுவே அதைச் சொல்வதற்கும் எனக்கு வாய் வரவில்லை.

அன்று இரவு அலுவலகத்துக்குத் திரும்பி, குத்து நடந்த இடத்தின் பதிவேட்டை எடுத்தேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருப்பது ஒரு நீண்ட சந்து. ஒரு பக்கம் கிடங்கின் பின்சுவர், மறுபக்கம் புதர் மண்டிய காலி மனை. 5 கம்பங்கள். மின்பெட்டியில் ஏற்பட்ட பழுதால் 4 விளக்குகள் ஏழு வாரங்களாக எரியவில்லை. அந்த ஏழு வாரத்தில் அங்கிருந்து ஒரு மனுகூட வரவில்லை. மனு வராததால் அந்தப் பழுது வரிசையின் கடைசியில் கிடந்தது. மனு வந்த வரிசையில்தான் நாங்கள் வேலை செய்தோம், அதுதான் நியாயம் என்றும் நம்பினோம்.

விளக்கு எரிந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் அந்தப் பதிவேட்டை மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போகவும் அன்று முடியவில்லை.

சுவரில் வார்டு வரைபடம் ஒன்று இருந்தது. ஓராண்டு மனுக்களை எடுத்து, பயத்தைக் குறிப்பிட்டு வந்த ஒவ்வொன்றுக்கும் சிவப்பு ஊசி குத்தினேன். நீல ஊசிக்கு, வன்முறை நடந்த இடங்கள் வேண்டும். ஆய்வாளர் வழக்குகளின் இடத்தையும் நேரத்தையும் மட்டும் கொடுத்தார். அது போதாது என்று எனக்குத் தெரியும். வேல்ஸில் உள்ள கார்டிஃப் நகரத்தில் ஜோனதன் ஷெப்பர்டு என்ற முக அறுவை சிகிச்சை மருத்துவர், அடிபட்டு மருத்துவமனைக்கு வருபவர்களில் பெரும்பகுதியினரைப் பற்றிக் காவல் துறைக்குத் தெரிவதே இல்லை என்று கண்டறிந்தார். எங்கே, எப்போது, எதனால் தாக்கப்பட்டார்கள் என்பதை மட்டும் பெயரில்லாமல் காவல் துறையோடும் நகர நிர்வாகத்தோடும் பகிர்ந்துகொள்ளும் முறை அங்கிருந்துதான் பரவியது. நான் அந்த அளவுக்கு முறையாகச் செய்யவில்லை. அவசரப் பிரிவின் மூத்த செவிலியரிடம் போய், தெருவின் பெயரும் மணியும் மட்டும் போதும், ஆள் யார் என்பது வேண்டாம் என்று கேட்டேன். அனுமதி வாங்க ஒரு மாதம் ஆனது.

பட்டியலைக் கொடுத்தபோது அவர் ஒன்று சொன்னார். "சார், பெண்களுக்குப் பட்ட காயங்களில் பாதிக்கு மேல் தெருப்பெயர் எழுத முடியவில்லை. வீட்டுக்குள் நடந்தவை." 2017இல் உலகம் முழுவதும் கொல்லப்பட்ட 87,000 பெண்களில் 50,000 பேரைக் கொன்றவர்கள் கணவனோ துணைவனோ குடும்பத்தினரோதான் என்று ஐக்கிய நாடுகள் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. என்னுடைய எந்தக் கம்பத்தின் வெளிச்சமும் போய்ச் சேராத இடம் அது. அந்த ஊசிகளை எங்கே குத்துவது என்று தெரியாமல் ஒரு சிறு டப்பாவில் போட்டு மேசைமேல் வைத்தேன். அந்த டப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வரைபடம் நிரம்பியபோது, சிவப்பும் நீலமும் ஒன்றின் மேல் ஒன்று விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. நீலம் ஏழெட்டு இடங்களில் குவிந்து கிடந்தது, சிவப்பு வேறெங்கோ பரவியிருந்தது. வன்முறை குவிவதில் வியப்பு இல்லை. அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரத்தில் குற்றவியல் ஆய்வாளர் லாரன்ஸ் ஷெர்மனும் உடனிருந்தவர்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், காவல் துறைக்கு வந்த அழைப்புகளில் பாதி, நகரத்தின் முகவரிகளில் ஏறத்தாழ 3 சதவீதத்திலிருந்து மட்டுமே வந்திருந்தன. நகரம் முழுவதும் ஆபத்தாகிவிட்டது என்று நாம் சொல்லும்போதும், ஆபத்து சில மூலைகளில்தான் உட்கார்ந்திருக்கிறது. என்னை உலுக்கியது வேறு. நீல ஊசிகள் குவிந்த மூலைகளில் ஒரு சிவப்பு ஊசிகூட இல்லை. அங்கே வாழ்கிறவர்கள் பயப்படவில்லையா? அல்லது எங்களிடம் சொல்லவில்லையா?

அடுத்த வாரம் வயர்மேனோடு அந்தச் சந்துக்குப் போனேன். விளக்குகளைச் சரிசெய்து முடிக்கும்போது இரவு பத்தரை. மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கும் ஓர் அம்மா கைபேசியில் பேசிக்கொண்டே வேகமாக நடந்து வந்தார். எங்களைக் கண்டதும் நின்றார். இவ்வளவு நாள் ஏன் மனு கொடுக்கவில்லை என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியின் கொடுமை எனக்கே உறைத்தது.

"மனு வாங்கும் நேரத்தில் நான் தூங்குவேன் ஐயா. வேலை அப்படி. வாடகை வீடு வேறு. கையெழுத்துப் போட்டால் யாராவது வந்து விசாரிப்பார்கள் என்று வீட்டுச் சொந்தக்காரருக்குப் பயம்." பிறகு மேலே எரிந்த விளக்கைப் பார்த்துச் சொன்னார்: "வெளிச்சம் வந்தது நல்லதுதான். ஆனால் பார்க்க ஆள் வேண்டுமே."

கைபேசியில் அவர் மகன் இருந்தான். சந்துக்குள் நுழையும்போது அவனை அழைப்பார், வெளியே வரும்வரை துண்டிக்கமாட்டார்.

அவர் சொன்னதை ஆராய்ச்சிகளும் ஏறக்குறைய அப்படியே சொல்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிகளில் செலவைக் குறைக்கத் தெருவிளக்குகளை அணைத்தும் மங்கலாக்கியும் வைத்தபோது, குற்றம் கூடியதற்குச் சான்று இல்லை என்றது 2015இல் வந்த ஆய்வு. நியூயார்க்கில் 2016இல் அரசுக் குடியிருப்புகளில் தற்காலிக விளக்குக் கோபுரங்களை நிறுத்தியபோதோ, இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடும் குற்றங்கள் 36 சதவீதம் குறைந்தன. இரண்டும் முரண்படுவதாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலாவது, ஊர்ப் பொதுவான தெருக்கள். இரண்டாவது, குற்றம் மிகுந்தவை என்று பார்த்துத் தேர்ந்த, ஆட்கள் நெருக்கமாக வாழும் குடியிருப்புகள். விளக்கு எங்கே நிற்கிறது, அதன் அடியில் யார் நடமாடுகிறார்கள் என்பதில் இருக்கிறது விடை.

காலி மனையின் புதரை வெட்டச் சொல்லி துப்புரவுப் பிரிவுக்கு எழுதினேன். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் இத்தகைய காலி மனைகளைச் சுத்தம் செய்து புல்லும் சில மரங்களும் நட்டதில், வறுமை மிகுந்த பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்ததாக 2018இல் ஆய்வு வந்திருந்தது. அதையும் கடிதத்தில் சேர்த்தேன். மனை தனியாருடையது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். ஐந்தாவது கடிதத்துக்குப் புதர் போயிற்று. கிடங்கின் காவலாளியை முன்வாசலிலிருந்து பின்பக்கம் மாற்றி உட்காரவைக்கும்படி உரிமையாளரிடம் நேரில் போய்க் கேட்டேன். இது என் வேலையில் எங்கும் எழுதப்படாதது. அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

சங்கத்து முதியவரைப் பிறகு இருமுறை பார்த்தேன். இரண்டாம் முறை, வரைபடத்தைக் காட்ட அலுவலகத்துக்கே அழைத்து வந்தேன். வெகுநேரம் நீல ஊசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லையே என்றார். நிம்மதியாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. பிறகு, அடுத்த சங்க மனுவில் இந்தச் சந்தின் பெயரையும் எழுதலாமா என்று கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அமெரிக்காவின் நியூவார்க் நகரத்தில் காவலர்கள் வண்டியை விட்டு இறங்கித் தெருக்களில் நடந்து ரோந்து வந்தபோது குற்ற எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை, ஆனால் மக்களின் பயம் குறைந்தது என்று 1981இல் எழுதியிருந்தார்கள். எனவே ஆய்வாளரிடம் நான் கேட்டது, சங்கத்தின் தெருக்களில் மாலையில் இரண்டு காவலர்கள் நடக்கட்டும், நீல மூலைகளில் இரவு பத்திலிருந்து பன்னிரண்டு வரை வண்டி நிற்கட்டும் என்று. முதலாவது உடனே நடந்தது. இரண்டாவது சில வாரம் நடந்து நின்றுவிட்டது. அதற்காக இன்னும் அவர் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

சந்தின் 5 விளக்குகளும் இப்போது எரிகின்றன. மாதம் ஒருமுறை இரவில் போய்ப் பார்த்துவருகிறேன். காவலாளியின் நாற்காலி இன்னும் முன்வாசலில்தான் இருக்கிறது. போன மாதம் அந்த அம்மா எதிரே வந்தார், கையை உயர்த்தி வணங்கினார். மறு கையில் கைபேசி காதோடு இருந்தது. மகன் இன்னும் அழைப்பில்தான் இருந்தான்.